மேட்டூர் டேம் தண்ணில பாஸ்பரஸ் அளந்தது: ஒரு குக்கர், ஒரு சிசிடிவி எல்.ஈ.டி., ஒரு பரிசல்

பச்சையா நாத்தமடிக்கிற டேம் தண்ணிய எடுத்து, மீன் தொட்டிக்குன்னு விக்கிற பாஸ்பேட் டெஸ்ட் கிட்ல போட்டு பாருங்க, பெரும்பாலும் ஜீரோ தான் காட்டும். அத காட்டி "பாத்தியா, உரம் சாக்கடை எல்லாம் ஒண்ணும் கலக்கல, வெயிலுக்கு வர பாசி தான் இது"ன்னு சொல்றவங்க எங்க பக்கம் நெறைய பேர் இருக்காங்க. கிட்டு பொய் சொல்லல. அது பாக்குறது தண்ணில கரைஞ்சு மிச்சம் கெடக்கிற பாஸ்பேட்ட மட்டும், ஆனா பச்சையா இருக்கற தண்ணில அந்த பாஸ்பேட்ட பாசி ஏற்கனவே தின்னு முடிச்சு தன் உடம்புக்குள்ள வெச்சிருக்கும். அப்போ கரைஞ்சது, பாசிக்குள்ள இருக்கறது, மண் துகள்ல ஒட்டினது எல்லாத்தையும் சேத்து மொத்த பாஸ்பரஸ் எவ்ளோன்னு பாக்கணும். அத வீட்டுல, சுமாரான செலவுல, நம்புற மாதிரி அளக்க முடியுமான்னு நானும் எங்க மச்சானும் செஞ்சு பாத்தது தான் இது. நான் படிச்சது கெமிஸ்ட்ரி, அவர் பண்றது சிசிடிவி, யூபிஎஸ் ரிப்பேர், அதனால வேலைய பிரிச்சுக்கறதுல சண்டை வரல.

எடுத்துக்கிட்டது மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கம். 1925ல ஆரம்பிச்சு 1934ல கட்டி முடிச்சது, முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. டெல்டாக்கு தண்ணி விடறதுக்காக எல்லாரும் மட்டத்த மட்டும் பாத்துக்கிட்டு இருப்போம், டிவில கூட "நீர்வரத்து இவ்ளோ கன அடி, நீர்மட்டம் இவ்ளோ அடி"ன்னு தான் வரும், தண்ணி எப்படி இருக்குன்னு ஒரு வரி வராது. ஆனா கொளத்தூர் பக்கம், பண்ணவாடி பக்கம் இருக்கறவங்களுக்கு தெரியும், சில வருஷம் தண்ணி அசையாம நிக்கிற சமயத்துல கரையோரமா பச்சை பெயிண்ட் கொட்டின மாதிரி படலம் வந்து நாத்தம் வீட்டுக்குள்ள வரைக்கும் வரும். ஈ.எம். கரைசல்னு நுண்ணுயிர் கரைசல் தெளிச்சதும் நடந்திருக்கு.

பாஸ்பரஸ் ஏன், நைட்ரஜன் ஏன் இல்லன்னு மச்சான் கேட்டார். நியாயமான கேள்வி. கனடால ஒண்டாரியோல 226ன்னு நம்பர் வெச்ச ஒரு ஏரி, 1973ல டேவிட் ஷிண்ட்லர் டீம் அத நடுவுல ஒரு திரை போட்டு ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும், இன்னொரு பக்கம் அதோட பாஸ்பரஸும் சேத்து போட்டாங்க. பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சையாச்சு. மேல இருந்து எடுத்த அந்த போட்டோவ ஒரு தடவ பாத்தா மறக்காது. நைட்ரஜன் கொறஞ்சா காத்துல இருந்தே இழுத்துக்கற நீலப்பச்சை பாசி வகைகள் இருக்கு, பாஸ்பரஸுக்கு அந்த வழி கிடையாது. அதனால ஏரி, டேம் மாதிரி நல்ல தண்ணிக்கு மொதல்ல பாக்க வேண்டியது இது தான். நைட்ரஜன் முக்கியமில்லன்னு சொல்லல, கடைசில வரேன்.

அளவு எவ்ளோ சின்னதுன்னு மொதல்ல புரிஞ்சுக்கணும், இங்க தான் கிட்டு கைய விடுது. ஓ.ஈ.சி.டி.ங்கற பணக்கார நாடுகளோட அமைப்பு 1982ல போட்ட கணக்குப்படி வருஷ சராசரி மொத்த பாஸ்பரஸ் லிட்டருக்கு 35 மைக்ரோகிராம தாண்டினாலே அந்த ஏரி ஊட்டம் மிகுந்தது (பாசிக்கு தீனி அதிகம்), 100 தாண்டினா ரொம்ப மோசம். அந்த கணக்கு பெரும்பாலும் குளிர் நாட்டு ஏரிகள வெச்சு போட்டது, நம்ம ஊர் டேமுக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரு அளவுகோல் வேணுமே. மீன் தொட்டி கிட்ல ஜீரோவுக்கு அடுத்த கலர் 0.25 மில்லிகிராம் பாஸ்பேட். அத பாஸ்பரஸா மாத்த 3.07ஆல வகுக்கணும், வகுத்தா 81 மைக்ரோகிராம். அதாவது கிட்டு மொத கலர காட்டறதுக்குள்ள 35 ரெண்டு மடங்குக்கு மேல தாண்டிடும். நம்ம சட்டத்துல ஆலைக் கழிவ ஆத்துல விடும்போது கரைஞ்ச பாஸ்பேட் பாஸ்பரஸ் கணக்குல லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு இருக்கு, அது 5000 மைக்ரோகிராம். குடிநீர் ஸ்டாண்டர்ட் ஐ.எஸ். 10500ல நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம்னு வரம்பு இருக்கு, பாஸ்பேட்டுக்கு வரம்பே இல்ல, ஏன்னா குடிக்கிறவனுக்கு அது நேரடியா விஷமில்ல. பாசி வளத்து விடறது தான் அதோட வேலை.

ரிப்போர்ட் எதையாவது படிச்சீங்கன்னா அது பாஸ்பேட்டா பாஸ்பரஸான்னு மொதல்ல பாருங்க, அத பாக்காம ரெண்டு ரிப்போர்ட்ட ஒப்பிட்டா மூணு மடங்கு வித்தியாசம் சும்மாவே வரும்.

சரி, மெத்தட். மர்ஃபி, ரைலின்னு ரெண்டு பேர் 1962ல எழுதினது, இன்னிக்கும் உலகம் பூரா லேப்ல இது தான் ஓடுது. அமில தண்ணில பாஸ்பேட்டும் அமோனியம் மாலிப்டேட்டும் சேந்து ஒரு கூட்டுப் பொருள் ஆகும், அதுல அஸ்கார்பிக் ஆசிட், அதாங்க வைட்டமின் சி, போட்டா நீலமா மாறும். பொட்டாசியம் ஆன்டிமனி டார்ட்ரேட்னு ஒண்ணு கொஞ்சமா சேக்கறது நீலம் சீக்கிரமா வரதுக்கு. நீலம் எவ்ளோ அடர்த்தியோ அவ்ளோ பாஸ்பேட். ஆனா 20, 30 மைக்ரோகிராம்ல வர நீலம் கண்ணுக்கு தெரியவே தெரியாது, வெள்ளை பேப்பர் மேல வெச்சு குனிஞ்சு பாத்தாலும் சந்தேகமா தான் இருக்கும். மொபைல் கேமராவும் உதவாது. இந்த நீலம் அதிகமா உறிஞ்சறது 880 நானோமீட்டர் பக்கம், அது நம்ம கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு, கேமராவுல அத தடுக்கறதுக்குன்னே ஒரு பில்டர் வெச்சிருப்பான்.

இங்க தான் மச்சான் வேலை. நைட்ல தெரியற சிசிடிவி கேமரால சுத்தி வட்டமா இருக்குமே எல்.ஈ.டி., அது 850 நானோமீட்டர். செத்துப்போன கேமரா அவர் கடைல மூட்டையா கெடக்கு. 880க்கு பதிலா 850ன்னா கொஞ்சம் சென்சிடிவிட்டி கொறையும், நாமளே ஸ்டாண்டர்ட், அதாவது பாஸ்பேட் அளவு தெரிஞ்ச தண்ணி, போட்டு கர்வ் வரையறதால அது பிரச்சனை இல்ல. எதிர்ப்பக்கம் ஓ.பி.டி. 101னு ஒரு சென்சார், உள்ளயே ஆம்ப்ளிஃபயர் இருக்கறது, அதுக்கு அதிக உணர்வு இருக்கறதும் 850 பக்கமே, ஜோடி சேந்துடுச்சு. அதோட அவுட்புட்ட ஏ.டி.எஸ். 1115 பதினாறு பிட் கன்வெர்ட்டர் வழியா ஆர்டுயினோ நானோங்கற குட்டி கம்ப்யூட்டர் போர்டுக்கு. ஆர்டுயினோல இருக்கற பத்து பிட் போதாதான்னு கேட்டா, போதாது, நாம தேடறது ஒளி ரெண்டு மூணு சதவீதம் கொறையற வித்தியாசம்.

அடுத்து பாதை நீளம். சாம்பிள ஊத்தி ஒளி விடற டப்பாவுக்கு குவெட்னு பேரு, கடைல கெடைக்கறது ஒரு சென்டிமீட்டர் தான். அதுல 20 மைக்ரோகிராம் பாஸ்பரஸுக்கு உறிஞ்சல் (தண்ணி எவ்ளோ ஒளிய முழுங்குதுங்கற நம்பர்) 0.01 சொச்சம் வரும், வீட்டு சர்க்யூட்ல அது இரைச்சலோட கலந்துடும். ஒளி போற தூரத்த பத்து சென்டிமீட்டர் ஆக்கினா அதே தண்ணிக்கு 0.1 பக்கம் வந்துடும், பத்து மடங்கு, ஒரு ரூபா கூட எலக்ட்ரானிக்ஸ்ல போடாம. நாங்க செஞ்சது, கான்கிரீட்ல வயரிங்குக்கு பதிக்கிற கறுப்பு பி.வி.சி. கண்டூட் பைப்ப பத்து சென்டிமீட்டர் நறுக்கி, ரெண்டு முனையையும் சாண்ட் பேப்பர்ல சமமா தேச்சு, மைக்ராஸ்கோப் சிலைடு கண்ணாடிய துண்டா வெட்டி சிலிகான்ல ஒட்டி, மேல ஊத்தறதுக்கும் காத்து போறதுக்கும் ரெண்டு ஓட்டை. கறுப்பு பைப் தான் வேணும், வெள்ளை பைப்ல ஒளி சுவத்துல பட்டு பட்டு தெறிச்சு வந்து கணக்க கெடுக்கும். சொட்டுநீர் பாசனத்துக்கு போடற கறுப்பு ட்யூப் வீட்டுலயே கெடந்துச்சு, அது பாலிஎத்திலீன், சிலிகான் ஒட்டாது, அதனால அத விட்டோம்.

ஆன் பண்ணதும் எல்.ஈ.டி. சூடாகற வரைக்கும் ரீடிங் மெதுவா நகந்துட்டே இருக்கும், கால் மணி நேரம் விட்டுட்டு தான் ஆரம்பிக்கணும். மூடி போட்டு எல்.ஈ.டி.ய அணைச்சு ஒரு இருட்டு ரீடிங் எடுத்து எல்லாத்துலயும் கழிக்கணும், பகல்ல ஜன்னல் வெளிச்சத்துல அகச்சிவப்பு எக்கச்சக்கம். அப்புறம் வெறும் தண்ணி ரீடிங்க சாம்பிள் ரீடிங்கால வகுத்து பத்தடிமான லாகரிதம் எடுத்தா உறிஞ்சல். ஐஸ் பெட்டில இருந்து எடுத்த சாம்பிள அப்படியே ஊத்தினா கண்ணாடில குட்டி குட்டியா காத்து முட்டை ஒட்டிக்கும், ரீடிங் பேய் ஆடும். ரூம் சூட்டுக்கு வந்த பிறகு ஊத்துங்க.

கெமிக்கல் பக்கம். கன்சென்ட்ரேட்டட் சல்ஃபியூரிக் ஆசிட் இப்ப சும்மா கடைல கேட்டா தர மாட்டான், 2013 உச்ச நீதிமன்ற உத்தரவுக்கு அப்புறம் அடையாள அட்டை, காரணம் எல்லாம் எழுதி வாங்கணும், அது நல்லதுக்கு தான். எனக்கு தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க காலேஜ் லேப்ல இருக்காங்க, அவங்க அங்கயே கலக்கி குடுத்தாங்க, 70 மில்லி ஆசிட்ட தண்ணில மெதுவா ஊத்தி 500 மில்லி ஆக்கினது. ஆசிட்ட தண்ணில தான் ஊத்தணும், தண்ணிய ஆசிட்ல ஊத்தினா தெறிக்கும், கண்ணு போயிடும். மத்தது, ஆன்டிமனி டார்ட்ரேட் 1.37 கிராம் 500 மில்லில, மாலிப்டேட் 20 கிராம் 500 மில்லில, அஸ்கார்பிக் ஆசிட் 1.76 கிராம் 100 மில்லில. அஸ்கார்பிக் மட்டும் பிரிட்ஜ்ல வெச்சாலும் ஒரு வாரம் தான் தாங்கும். மாத்திரைய பொடிச்சு போடலாமான்னு மச்சான் கேட்டார், மாத்திரைல வேற என்னென்னமோ சேத்திருப்பான், வேணாம். அளக்கப்போற அன்னிக்கு ஆசிட் 50, ஆன்டிமனி 5, மாலிப்டேட் 15, அஸ்கார்பிக் 30 மில்லி, இதே வரிசைல ஒவ்வொண்ணும் ஊத்தி கலக்கிட்டு அடுத்தது. இந்தக் கலவை நாலு மணி நேரம் தான், அதுக்கு மேல கொட்டிடணும். சாம்பிள் 50 மில்லிக்கு இதுல 8 மில்லி, பத்து நிமிஷத்துல நீலம் நிக்கும், அரை மணிக்குள்ள படிச்சு முடிக்கணும்.

ஆன்டிமனி உப்பு விஷம். பசங்க கைக்கு எட்டாத எடத்துல, பேர் எழுதி ஒட்டி, பூட்டி வையுங்க.

ஸ்டாண்டர்டுக்கு பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். புக்குல 0.2195 கிராம் ஒரு லிட்டர்ல போட சொல்லியிருக்கும், அப்போ 50 மில்லிகிராம் பாஸ்பரஸ் வரும். எங்க தராசு பத்து மில்லிகிராம் வரைக்கும் தான் காட்டும், அதுல 0.2195 நிறுத்தறது காமெடி. அதனால பத்து மடங்கா 2.2 கிராம் நிறுத்து ஒரு லிட்டர் ஆக்கி, அதுல ஒரு மில்லி எடுத்து மறுபடி ஒரு லிட்டர் ஆக்கினா லிட்டருக்கு 500 மைக்ரோகிராம், நிறுத்ததுல பிழை அரை சதவீதத்துக்குள்ள. இந்த 500ல இருந்து 4, 10, 20, 40 மில்லி எடுத்து தனித்தனியா 100 மில்லி ஆக்கினா 20, 50, 100, 200 கெடைச்சுடும், கூட பாஸ்பேட்டே சேக்காத வெறும் தண்ணில ஒரு ஜீரோ. அஞ்சு புள்ளியும் கிராப்ல கிட்டத்தட்ட நேர்கோட்டுல விழுந்தப்போ மச்சான் மொகத்துல வந்த சந்தோஷம் இருக்கே, யூபிஎஸ் ஓடினாக்கூட வராது.

ஜீரோ ஏன் முக்கியம்னா, பாஸ்பேட் எங்க பாத்தாலும் இருக்கு. வெரல் வேர்வைல, தூசில, பாத்திரம் கழுவற சோப்புல. பாட்டில எல்லாம் சோப்பு படாம, பத்துக்கு ஒண்ணு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தண்ணில ராத்திரி பூரா ஊற வெச்சு, டிஸ்டில்ட் வாட்டர்ல நாலஞ்சு தடவ அலசணும். பாத்ரூம் கழுவற ஆசிட் வேணாம், லேப் ஆசிட். டிஸ்டில்ட் வாட்டர்னு பேட்டரிக்கு விக்கிற தண்ணி, கம்பெனிக்கு கம்பெனி மாறும், ரெண்டு மூணு வாங்கி ரீஏஜென்ட், அதாவது மேல சொன்ன கலவை, போட்டு எது நீலமே ஆகலையோ அத வெச்சுக்கிட்டோம்.

இப்ப தண்ணி எடுக்கறது. டேம் செவுத்துக்கு பக்கத்துல யாரும் போக விடமாட்டாங்க, போகவும் கூடாது. பண்ணவாடி பரிசல் துறைல இருந்து மீன் பிடிக்கிற அண்ணன் ஒருத்தரோட பரிசல்ல போனோம். அந்த ஏரியா எப்படின்னா, தண்ணி எறங்கினா பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் சர்ச் கோபுரமும் வெளிய தெரியும், முங்கிப்போன ஊர் மேல தான் பரிசல் போகுது. தண்ணி எறங்கினப்போ வெளிய வர நெலத்துல சோளம், கம்பு, எள்ளுன்னு வெள்ளாமை பண்ணுவாங்க, ஆடு மாடு மேயும். மறுபடி தண்ணி ஏறும்போது போட்ட உரம், தட்டை, சாணி எல்லாத்தையும் முழுங்கிட்டு தான் ஏறும். அண்ணன் சொன்னது, "தம்பி, நீங்க நடு ஆத்துல மொண்டுக்கிட்டு போனா ஒண்ணும் தெரியாது, தண்ணி ஏறி முங்கின காட்டுப்பக்கம் வாங்க." மேல கர்நாடகால இருந்து பிலிகுண்டுலு, ஒகேனக்கல் வழியா வர சாக்கடையும் உரமும் ஒரு பங்கு, இந்த முங்குற நெலம் ஒரு பங்கு, கரையோர ஊர் கழிவு ஒரு பங்கு. எந்த பங்கு எவ்ளோன்னு பரிசல்ல உக்காந்துக்கிட்டு பிரிக்க முடியாது, அதுக்கு உள்ள வர தண்ணியோட கன அடியும் அதுல இருக்கற பாஸ்பரஸும் வருஷம் பூரா வேணும்.

எங்க மொள்றோம்கறதுல பாதி ரிசல்ட் இருக்கு. நீலப்பச்சை பாசில சில வகைக்கு, மைக்ரோசிஸ்டிஸ் மாதிரி, உடம்புக்குள்ள காத்துப் பை உண்டு, காத்தடிக்காத காலைல மேல மெதந்து வந்துடும், அப்புறம் காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தக் கரைல போயி குவியும். அந்தக் குவியல்ல ஒரு மொடக்கு மொண்டு அளந்தா பயங்கரமான நம்பர் வரும், பேப்பர்ல போடலாம், ஆனா அது டேமோட நம்பர் இல்ல. நாங்க படலத்த கையால ஒதுக்கிட்டு ஒரு முழம் ஆழத்துல எடுத்தோம், ஒவ்வொரு எடத்துலயும் சுத்தி மூணு பக்கம் எடுத்து ஒண்ணா கலந்து. படலத்த தனி பாட்டில்ல, கையுறை போட்டுக்கிட்டு. மைக்ரோசிஸ்டின்னு ஒரு விஷம் அதுல இருக்க வாய்ப்பு உண்டு, கொதிக்க வெச்சாலும் அது போகாது, பாசி செல் ஒடைஞ்சு இன்னும் வெளிய வரும். நாம அளக்கறது பாஸ்பரஸ் மட்டும், விஷம் இருக்கா இல்லையான்னு இது சொல்லாது.

ஆழத்துல எடுக்க ஒரு கண்ணாடி பாட்டில இரும்பு கம்பி கூண்டுக்குள்ள கட்டி, வலைக்கு போடற ஈயக் குண்டு கோத்து, கார்க்குல தனியா ஒரு கயிறு. மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட நைலான் கயித்துல எறக்கி, வேணும்கற ஆழத்துல கார்க் கயித்த சுண்டினா தண்ணி ரொம்பும், குமிழ் மேல வரதுல தெரியும். பத்து மீட்டர்ல தண்ணி அழுத்தம் கார்க்க உள்ள தள்ளி புடிச்சுக்கும், பரிசல் சுத்துற அளவுக்கு இழுக்க வேண்டியிருந்துச்சு, வாய் சின்னதா இருக்கற பாட்டிலா மாத்தினப்புறம் தான் சுலபமாச்சு. வளைகுடா மாதிரி இருக்கற ஒரு எடத்துல அடில இருந்து வந்த தண்ணி அழுகின முட்டை நாத்தம். ஆக்ஸிஜன் தீந்து போன தண்ணிக்கு அது அடையாளம். ஆக்ஸிஜன் இருக்கற வரைக்கும் அடிமண்ணுல இருக்கற இரும்பு, பாஸ்பேட்ட கட்டி வெச்சிருக்கும், தீந்துச்சுன்னா இரும்பு கரையும், கூடவே பாஸ்பேட்டும் மேல வந்துடும். அதாவது போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம் வந்து படிஞ்ச உரம் இந்த வருஷம் மறுபடி தண்ணிக்கு வரும். வெளிய இருந்து வரத நிறுத்தினாலும் டேம் உடனே சரியாகாதுன்னு சொல்றதுக்கு காரணம் இது தான். இந்த அடித்தண்ணிய பாட்டில்ல அப்படியே வெச்சா காத்து பட்டு துரு கலர்ல கலங்கும், அந்த துரு பாஸ்பேட்ட திரும்ப புடிச்சுக்கும். அதனால கரைஞ்சத அளக்கறதுக்கான பங்க பரிசல்லயே சிரிஞ்ச் பில்டர்ல, 0.45 மைக்ரான், வடிகட்டிட்டோம். பச்சை தண்ணில அந்த பில்டர் இருவது மில்லிக்குள்ள அடைச்சுக்கும், நெறைய எடுத்துட்டு போங்க, வெலை தான் கடுப்பு.

வீட்டுக்கு வந்ததும் குக்கர். மொத்த பாஸ்பரஸ் அளக்க பாசிய ஒடைச்சு உள்ள இருக்கறதெல்லாம் பாஸ்பேட்டா மாத்தணும். லேப்ல ஆட்டோகிளேவ், 121 டிகிரி, அரை மணி நேரம். நம்ம பிரஷர் குக்கர் வெயிட் போட்டு விசில் வர நெலமைல கிட்டத்தட்ட அதே அழுத்தம், அதே சூடு. வடிகட்டாத சாம்பிள் 50 மில்லி, 0.4 கிராம் அமோனியம் பெர்சல்ஃபேட், முப்பது சத சல்ஃபியூரிக் ஒரு மில்லி, எல்லாம் போரோசில் கண்ணாடி பாட்டில்ல, மூடிய லூசா வெச்சு. இறுக்கி மூடினா வெடிக்கும். மொத விசில் வந்ததும் அடுப்ப கொறைச்சு அரை மணி, அப்புறம் தானா ஆற விடணும், அவசரப்பட்டு வெயிட்ட தூக்கினா உள்ள தண்ணி பொங்கி பாட்டில்ல இருக்கறது வெளிய போயிடும். பிசிபி போர்டு எட்ச் பண்ண மச்சான்கிட்ட பெர்சல்ஃபேட் கிலோ கணக்கா இருந்துச்சு, ஆனா அது டெக்னிக்கல் கிரேடு, நான் ஏ.ஆர். கிரேடு, அதாவது லேபுக்குன்னு விக்கிற சுத்தமானது, தனியா வாங்கிட்டேன். ஆறினதும் பினாப்தலின், அதாவது காரமானா பிங்க் ஆகற நிறங்காட்டி, ஒரு சொட்டு போட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு லேசா பிங்க் வர வரைக்கும் விட்டு, மறுபடி 50 மில்லி ஆக்கி, வழக்கம் போல நீலம். ஸ்டாண்டர்டும் ஜீரோவும் கூட இதே குக்கர்ல போயிட்டு தான் வரணும், இல்லன்னா ஒப்பிடவே முடியாது.

இந்த குக்கர்ல இனிமே சோறு கெடையாது. மேல பெருசா "கெமிக்கல்"னு பெயிண்ட்ல எழுதியாச்சு.

குக்கர் வேலை செய்யுதான்னு நம்பறதுக்கு ஒரு டெஸ்ட் வேணும். அந்த அக்கா சோடியம் கிளிசரோபாஸ்பேட் துளியூண்டு குடுத்தாங்க, இதுல பாஸ்பரஸ் கரிம மூலக்கூறோட கட்டிக்கிட்டு இருக்கும், நேரா ரீஏஜென்ட் போட்டா நீலம் வராது, ஒடைச்சா தான் வரும். குக்கருக்கு முன்னாடி வெளுப்பு, பின்னாடி நல்ல நீலம், போட்ட அளவுக்கு கிட்டத்தட்ட சரியா வந்துச்சு. இது இல்லாம குக்கர் ரிசல்ட்ட நான் நம்பியிருக்க மாட்டேன்.

இப்ப ரிசல்ட். எங்க நம்பர இங்க போடல, ஒரு சீசன்ல ஒரு பரிசல்ல மொண்ட தண்ணிய வெச்சு 93 டிஎம்சி டேமுக்கு சர்டிபிகேட் குடுக்கற வேலை எனக்கு வேணாம். ஆனா ஒண்ணுக்கொண்ணு எப்படி இருந்துச்சுன்னு சொல்லலாம். வடிகட்டி, குக்கர் போடாம பாத்தப்போ நடு ஆத்து தண்ணி 20 ஸ்டாண்டர்ட ஒட்டி நின்னுச்சு, பச்சையா இருந்த வளைகுடா தண்ணி அதவிட வெளுப்பு. ஆமா, பச்சை தண்ணில தான் கொறைவு. அதே பச்சை தண்ணிய வடிகட்டாம குக்கர்ல போட்டு எடுத்தா 200 ஸ்டாண்டர்ட தாண்டி, கால் பங்கா நீர்த்து மறுபடி அளக்க வேண்டியதாச்சு. நடு ஆத்துக்கு குக்கர் போட்டா கொஞ்சம் ஏறுச்சு, அவ்ளோ தான். அடித்தண்ணி மட்டும் குக்கரே இல்லாம நல்லா நீலம். இந்த மூணையும் பக்கத்து பக்கத்துல வெச்சு பாத்தா பாஸ்பரஸ் எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெளிவா தெரியுது, மேல பாசிக்குள்ள, கீழ சேத்துல இருந்து கரைஞ்சு. வெறும் கரைஞ்ச பாஸ்பேட் மட்டும் மேல்தண்ணில அளந்து "நார்மல்"னு எழுதற ரிப்போர்ட்ட இனிமே பாத்தா எனக்கு கோவம் தான் வரும்.

தண்ணி எவ்ளோ தெளிவா இருக்குன்னு பாக்கற செக்கி தட்டும் ஒண்ணு செஞ்சோம், இருவது சென்டிமீட்டர் வட்டம், நாலு கால்வாசில ரெண்டு கறுப்பு ரெண்டு வெள்ளை, அடில குண்டு. இத்தாலி பாதிரியார் ஆஞ்சலோ செக்கி 1865ல கடல்ல எறக்கி பாத்தது, இன்னும் இதவிட சீப்பா ஒண்ணு வரல. மத்தியான வெயில்ல, பரிசலோட நிழல் பக்கம் எறக்கி, மறையற ஆழமும் தூக்கும்போது தெரியற ஆழமும் ரெண்டுக்கும் சராசரி. கார்ல்சன்னு ஒருத்தர் ஏரியோட ஊட்டத்த ஒரே நம்பர்ல சொல்றதுக்கு 1977ல போட்ட குறியீட்டுல இந்த ஆழம் ஒரு மீட்டர்னா 60, அரை மீட்டர்னா 70, பாதியாகும்போதெல்லாம் பத்து ஏறும், 50க்கு மேல போனாலே ஊட்டம் மிகுந்த தண்ணி. மொத்த பாஸ்பரஸுக்கும் இதே மாதிரி கணக்கு இருக்கு, 48 மைக்ரோகிராம்னா 60, ரெட்டிப்பானா 70. ரெண்டும் பக்கத்து பக்கத்துல வந்தா தண்ணிய மறைக்கறது பாசி தான்னு நம்பலாம். புது வெள்ளம் வர சமயத்துல தட்ட மட்டும் நம்பக்கூடாது, செம்மண் கலங்கல்ல அர மீட்டர்ல மறைஞ்சுடும், பாசியே இருக்காது.

நைட்ரேட்டுக்கு இப்போதைக்கு மீன் தொட்டி கிட்டே தான். ரெண்டாவது பாட்டில நல்லா குலுக்கணும், அடில படிஞ்சது கலக்கலன்னா ரீடிங் கம்மியா தான் வரும். வர நம்பர 4.43ஆல வகுத்தா நைட்ரஜன். சராசரியா பாசி ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு எடைல ஏழு பங்கு நைட்ரஜன் எடுக்கும்னு ஒரு கணக்கு, அதுக்கு கீழ நைட்ரஜன் இருந்தா காத்துல இருந்து இழுக்கற வகைக்கு கொண்டாட்டம். இதுக்கும் கரைஞ்சத மட்டும் பாத்து விகிதம் போடறது சரியா வராது, மொத்த நைட்ரஜன் வேணும், அதுக்கு காரத்துல பெர்சல்ஃபேட் போட்டு இதே குக்கர்ல செய்யலாம். கலர் பிங்க், பச்சை எல்.ஈ.டி. போதும், அதே பைப் செல்லுக்கு எல்.ஈ.டி. ஹோல்டர மாத்தற மாதிரி மச்சான் இப்ப பிளாஸ்டிக்ல அறுத்துக்கிட்டு இருக்கார்.

கழிவு பத்தி யாரும் எழுத மாட்டாங்க, நான் எழுதிடறேன். நீலமா ஆன தண்ணி பூராவும் ஆசிட், மாலிப்டினம், ஆன்டிமனி. சிங்க்ல ஊத்தாதீங்க. ஒரு பிளாஸ்டிக் கேன்ல சேத்து வெச்சு, மூடி மேல என்ன இருக்குன்னு எழுதி, அந்த அக்கா காலேஜ் லேப் கழிவோட சேத்து அனுப்பறதுக்கு குடுத்துட்டோம். அப்படி ஒரு லேப் தொடர்பு கெடைக்கற வரைக்கும் கேன மூடி ஓரமா வையுங்க, கேன் ரொம்பினா அளக்கறத நிறுத்தி வையுங்க.